ஊரே பார்த்த உடம்பு... யாரும் பார்க்காத கணையம்! - எம்.ஜி.ஆர் வாழ்க்கை சொல்லும் சுகர் பாடம்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்தில் இருந்து ராமாபுரம் ஐ.டி. பார்க்குக்கு தினமும் வேலைக்குப் போறவங்களா நீங்க? ஜி.எஸ்.டி. ரோடு, கத்திப்பாரா மேம்பாலம், மவுன்ட் - பூந்தமல்லி ரோடுன்னு தாண்டி வர்றதுக்குள்ள பாதி உயிர் போயிருக்கும். அந்த டிராஃபிக்கில் நீங்க கவனிக்காம கடந்து போற இடம் ஒண்ணு இருக்கு. எம்.ஜி.ஆர் தோட்டம்னு அந்த ஏரியா ஆளுங்க சொல்ற ராமாவரம் தோட்டம். தமிழ்நாட்டிலேயே அதிகம் பேர் பார்த்து ரசிச்ச ஓர் உடம்பு வாழ்ந்த வீடு அது.

வாள் வீசுவார், சிலம்பம் சுத்துவார், பத்துப் பேரைத் தூக்கிப் போடுவார். திரையில் குடிக்க மாட்டார், சிகரெட் பிடிக்க மாட்டார். ஆனா, கடைசியில் அவரைப் படுக்கையில் சாய்த்தது எந்த நம்பியாரும் இல்லை. சர்க்கரை நோய்!

இவ்வளவு ஃபிட்டா இருந்தவருக்கு எப்படி சுகர் வந்ததுன்னு உங்க தாத்தா பாட்டி காலத்தில் ஆச்சர்யப்பட்டிருப்பாங்க. இன்னைக்கு மருத்துவம் அந்த ஆச்சர்யத்துக்குக் கொஞ்சம் பதில் வெச்சிருக்கு. அதைப் பார்க்குறதுக்கு முன்னாடி, அவர் கதையை ஒருமுறை வேகமா பார்த்துடலாம்.

பசியில் தொடங்கிய வாழ்க்கை

1917 ஜனவரி 17. இலங்கையில் கண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் நாவலப்பிட்டியில் பிறந்தார் மருதூர் கோபாலன் ராமச்சந்திரன். சின்னஞ்சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட, அம்மா சத்தியபாமா பிள்ளைகளோடு கும்பகோணம் வந்து சேர்ந்தார். வீட்டில் அடுப்பு எரிவதே சிரமம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, அண்ணன் சக்ரபாணியோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடக கம்பெனியில் சேர்ந்தார் சிறுவன் ராமச்சந்திரன். நடிப்பு ஆசையைவிட, மூணு வேளை சோறு கிடைக்கும் என்பதுதான் அன்றைக்குப் பெரிய காரணம்.

இந்தப் பசியை அவர் கடைசிவரை மறக்கவில்லை. ராமாவரம் தோட்டத்துக்கு வருபவர்களைச் சாப்பிட வைக்காமல் அனுப்பியதில்லை என்று பழகியவர்கள் இன்றும் சொல்வார்கள். முதலமைச்சரான பிறகு, 1982 ஜூலை 1-ம் தேதி திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். உங்க அப்பா அம்மாவில் யாராவது அரசுப் பள்ளியில் படிச்சிருந்தா, அந்தத் தட்டோட அருமை அவங்களுக்குத் தெரியும்.

பசிக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கிறீங்களா? இருக்கு. அதைக் கொஞ்சம் கழிச்சு சொல்றேன்.

உடம்புதான் மூலதனம்

1936-ல் வெளியான `சதிலீலாவதி'தான் முதல் படம். இன்ஸ்பெக்டராக ஒரு சின்ன வேஷம். ஹீரோவாக `ராஜகுமாரி' வருவதற்கு 1947 ஆகிவிட்டது. அப்போது அவருக்கு வயது 30. இன்றைய கணக்கில் லேட் என்ட்ரிதான். ஆனால், அந்தக் காத்திருப்புக் காலத்தில் அவர் உடம்பைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். வாள் சண்டை, சிலம்பம், குஸ்தி என்று கற்றதெல்லாம் பிறகு திரையில் கைகொடுத்தது.

1959-ல் சீர்காழியில் ஒரு நாடகம். `இன்பக் கனவு'. அதில் கனத்த உடம்புக்காரரான குண்டுமணியைத் தலைக்கு மேல் தூக்க வேண்டிய காட்சியில் கால் எலும்பு முறிந்தது. இனி இவரால் சண்டை போட முடியாது என்று ஊரில் பேசினார்கள். சில மாதங்களில் எழுந்து வந்து மறுபடி வாளைக் கையில் எடுத்தார்.

அடுத்தது 1967 ஜனவரி 12. ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு கழுத்தில் பாய்ந்தது. தேர்தல் நேரம். பரங்கிமலை தொகுதியின் வேட்பாளர் அவர். கழுத்தில் கட்டோடு மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் போட்டோ போஸ்டராக ஊர் முழுக்க ஒட்டப்பட்டது. பிரசாரத்துக்கே போகாமல் ஜெயித்தார். குரல் மாறிப்போனது, கூட்டம் மாறவில்லை.

1972 அக்டோபரில் அ.தி.மு.க-வைத் தொடங்கினார். 1973-ல் `உலகம் சுற்றும் வாலிபன்' வந்தபோது அவருக்கு வயது 56. டைட்டிலில் இருக்கும் வாலிபன் என்ற வார்த்தையை யாரும் சந்தேகப்படவில்லை. 1977 ஜூன் 30-ல் முதலமைச்சர் ஆனார். வெள்ளைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பளிச் சட்டை. வெளியே தெரிந்த எம்.ஜி.ஆர் அப்படியேதான் இருந்தார்.

உள்ளே வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது.

1984: தமிழ்நாடே மூச்சைப் பிடித்த நாள்கள்

1984 அக்டோபர் தொடக்கத்தில் அவர் சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோயால் சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தன. தொடர்ந்து இதயத்தில் பாதிப்பு, பக்கவாதம். பேச்சு தடைப்பட்டது. கோயில், சர்ச், தர்கா என்று எங்கும் பிரார்த்தனை. தியேட்டர்களில் `ஒளிவிளக்கு' படத்தின் பிரார்த்தனைப் பாடல் ஓடியது. நவம்பரில், மருத்துவ வசதிகளோடு தயார் செய்யப்பட்ட விமானத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டார்.

நியூயார்க் நகரின் புரூக்ளினில் இருக்கும் டவுன்ஸ்டேட் மருத்துவ மையத்தில் டிசம்பரில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. சிறுநீரகத்தைக் கொடுத்தவர் அண்ணன் சக்ரபாணியின் மகள் லீலாவதி. முதல் படத்தின் பெயரில் இருந்த லீலாவதி, அவரது உயிரைக் காத்த பெயராகவும் ஆனது.

டிசம்பர் 24-ல் சட்டமன்றத் தேர்தல். ஆண்டிப்பட்டி வேட்பாளர் புரூக்ளினில் படுக்கையில். அவர் உயிரோடு இருக்கிறார், தேறி வருகிறார் என்று காட்ட, மருத்துவமனையில் எடுத்த வீடியோ தமிழ்நாட்டில் ஊர் ஊராகத் திரையிடப்பட்டது. இந்த முறையும் தொகுதிக்கே வராமல் ஜெயித்தார். 1985 பிப்ரவரி 4-ல் சென்னை திரும்பி, 10-ம் தேதி மூன்றாவது முறையாகப் பதவியேற்றார். அதன் பிறகும் சிகிச்சைக்காக அமெரிக்கப் பயணங்கள் தொடர்ந்தன. 1987 டிசம்பர் 24 அதிகாலை, அந்தத் தேர்தல் நடந்து சரியாக மூன்று வருடங்கள் முடிந்த நாளில், ராமாவரம் தோட்டத்தில் உயிர் பிரிந்தது. வயது 70.

முதலமைச்சருக்கு மருத்துவமனை, விமானம், பணம், உலகின் பெரிய டாக்டர்கள் எதற்கும் குறையில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்க. அந்த வைத்தியங்கள் எல்லாம் சர்க்கரையால் கெட்டுப்போன உறுப்புகளுக்குச் செய்யப்பட்டவை. சர்க்கரை எங்கிருந்து கிளம்புகிறதோ, அந்த இடத்தைச் சரிசெய்ய முடியும் என்ற நம்பிக்கை அன்றைய மருத்துவத்துக்கே இல்லை.

அந்த இடம் எது?

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டினாற்போல, சுமார் 15 செ.மீ நீளத்தில் படுத்திருக்கும் உறுப்புதான் கணையம். எடை 100 கிராமை ஒட்டித்தான் இருக்கும். அதற்குள் தீவுத்தீவாக இருக்கும் பீட்டா செல்கள்தான் இன்சுலினைச் சுரக்கின்றன. இன்சுலின் போதாமல் போனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். இதுவரைக்கும் ஸ்கூல் பாடம்.

இனிமேதான் மேட்டர். நாம் செலவழிக்கிறதைவிட அதிகமா சாப்பிடும்போது, மிச்சம் கொழுப்பாகத் தோலுக்கு அடியில் சேருது. அந்தக் கிடங்கு நிறைஞ்சதும் கல்லீரலுக்குப் போகுது. கல்லீரலும் தாங்க முடியாம, கொழுப்பை ரத்தத்தில் ஏத்தி மத்த உறுப்புகளுக்கு அனுப்புது. அதில் ஒரு பங்கு கணையத்தில் போய்ப் படியுது. அங்கே பீட்டா செல்கள் மந்தமாகி, இன்சுலின் சுரப்பு தடுமாறுது. டைப் 2 சர்க்கரை நோய் இப்படித்தான் உருவாகுதுன்னு 2008-ல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராய் டெய்லர் ஒரு கருத்தை முன்வைத்தார்.

இந்தக் கிடங்கின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். 120 கிலோ எடையிலும் சுகர் இல்லாமல் ஒருத்தர் இருப்பார். 65 கிலோவிலேயே இன்னொருத்தருக்குக் கிடங்கு நிரம்பி வழியும். நம்ம ஊர்க்காரங்களுக்கு இந்தக் கிடங்கு கொஞ்சம் சின்னது. அதற்கு ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. 2004-ல் புனே டாக்டர் யாஜ்னிக்கும், லண்டன் பேராசிரியர் யூட்கினும் தங்களையே அளந்து `லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ அச்சு அசல் 22.3. ஆனால், யூட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவிகிதம். யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவிகிதம்! வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு.

இப்போ அந்தப் பசி விஷயத்துக்கு வருவோம். புனேவில் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்தபோது, இங்கிலாந்துக் குழந்தைகளைவிட எடை குறைவு, தசை குறைவு, ஆனால் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை என்று தெரிந்தது. தாயின் வயிற்றிலேயே போதிய சத்து கிடைக்காத உடம்பு, கிடைத்ததைச் சேமிக்கப் பழகிவிடுகிறது. பின்னாளில் சாப்பாடு தாராளமானதும் அந்தப் பழக்கமே வினையாகிறது. எம்.ஜி.ஆருக்கு சுகர் வந்த காரணம் இதுதான் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அவருடைய கணையத்தை யாரும் ஸ்கேன் செய்து பார்த்ததில்லை. ஆனால், பசியைப் பார்த்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம். நைட் ஷிப்ட், பதினோரு மணி பிரியாணி, எட்டு மணி நேர நாற்காலி என்று வாழும் நம்முடைய உடம்புக்கு அந்தப் பழைய கணக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆபரேஷன் காட்டிய அதிசயம்

எம்.ஜி.ஆர் மறைந்து எட்டு வருடம் கழித்து, 1995-ல், அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் வால்டர் போரிஸ் ஒரு கட்டுரை வெளியிட்டார். உடல் பருமனுக்காக இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்களை 14 வருடங்கள் தொடர்ந்து கவனித்த கணக்கு அது. அவர்களில் டைப் 2 சர்க்கரை நோய் இருந்த 146 பேரில், 121 பேருக்குச் சர்க்கரை இயல்பு நிலைக்கு வந்து, அப்படியே நின்றிருந்தது. எடையைக் குறைக்கச் செய்த ஆபரேஷன், தீராது என்று நினைத்த நோயை அடக்கியிருந்தது. பலருக்கு எடை குறைவதற்கு முன்பே, சில நாள்களில் சர்க்கரை இறங்கிவிட்டது. மருத்துவ உலகம் தலையைச் சொறிந்தது.

விடை கணையத்துக்குள் இருந்தது. 2011-ல் டெய்லர் குழு, டைப் 2 சர்க்கரை நோய் உள்ள 11 பேரை ஆபரேஷன் எதுவும் இல்லாமல், தினமும் 600 கலோரி உணவில் 8 வாரம் வைத்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒரே வாரத்தில் இயல்புக்கு வந்தது. கணையக் கொழுப்பு 8 சதவிகிதத்தில் இருந்து 6-க்கு இறங்கியது. பீட்டா செல்கள் மெள்ள விழித்துக்கொண்டன.

அடுத்து, எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு வந்த 27 பேரை ஸ்கேன் செய்தார்கள். 18 பேருக்கு சுகர் உண்டு, 9 பேருக்கு இல்லை. 8 வாரத்தில் ரெண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு, 13 சதவிகிதம் எடை குறைந்தார்கள். ஆனால், கணையக் கொழுப்பு குறைந்தது சுகர் இருந்தவர்களுக்கு மட்டும்தான். எவ்வளவு குறைந்தது தெரியுமா? சுமார் 0.6 கிராம். ரெண்டு சிட்டிகை உப்பின் எடை! அந்த ரெண்டு சிட்டிகை இறங்கியதும் இன்சுலின் சுரப்பு இயல்புக்குத் திரும்பியது.

சரி, இந்த ரெண்டு சிட்டிகையை மட்டும் தனியா எடுத்துட முடியாதா? முடியாது. மொத்த எடையில் நல்ல பங்கு குறைஞ்சாதான் கணையம் தன் பங்கை இறக்கி வைக்கும்.

பின்னர் வந்த பெரிய ஆய்விலும் இதே கதைதான். ஆபரேஷன் இல்லாமல், மருத்துவக் கண்காணிப்பில் உணவைக் குறைத்தவர்களில் 46 சதவிகிதம் பேர், ஒரு வருட முடிவில் மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோயில் இருந்து விடுபட்ட நிலையில் இருந்தார்கள். இரண்டாவது வருடத்தில் அது 36 சதவிகிதம் ஆனது. அந்த நிலையைத் தக்கவைத்தவர்களுக்கு, சுருங்கியிருந்த கணையம் ரெண்டு வருடத்தில் ஐந்தில் ஒரு பங்கு வளர்ந்தது. எடை திரும்பியவர்களுக்குக் கொழுப்பும் திரும்பியது, சுகரும் திரும்பியது.

அப்போ எல்லாரும் ஆபரேஷன் பண்ணிக்கலாமா?

அவசரப்படாதீங்க. 2024 ஏப்ரலில் நம்ம பம்மல் ஏரியாவில், எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்காக வந்த இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அந்தச் செய்தி உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். இது பார்லர் ட்ரீட்மென்ட் இல்லை, பெரிய ஆபரேஷன். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துடுவாங்க. பைபாஸில் குடலின் பாதையையே மாத்துவாங்க. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க புரோட்டீன், இரும்புச்சத்து, வைட்டமின் பி12 எல்லாத்தையும் கணக்குப் பார்த்து எடுத்தாகணும். ரெகுலரா செக்கப் போகணும்.

எடை மிக அதிகமா இருந்து, சுகரும் சேர்ந்து மிரட்டுறவங்களுக்கு இது வாழ்க்கையையே மாத்தக்கூடிய சிகிச்சைங்கிறதில் சந்தேகம் இல்லை. ஆனா, சுகர், இதயம், மயக்க மருந்துன்னு ஒவ்வொரு துறை டாக்டரும் முழுசா பரிசோதிச்சு, ஐ.சி.யூ வசதி உள்ள இடத்தில், அனுபவம் உள்ள குழுவிடம்தான் செய்துக்கணும். ரீல்ஸ் பார்த்து, ஆஃபர் விலை பார்த்து முடிவெடுக்குற விஷயம் இல்லை இது.

இன்னொரு முக்கியமான விஷயம், நேரம். சுகர் வந்து சில வருடங்களுக்குள் எடையைக் குறைச்சா, கணையம் மீள்றதுக்கு வாய்ப்பு அதிகம். பத்து, பதினைந்து வருடம் தள்ளிப்போட்டா பீட்டா செல்கள் திரும்ப எழவே முடியாத நிலைக்குப் போகலாம். அதுக்குள்ள சிறுநீரகத்தின் சல்லடைகளும் சத்தமில்லாம ஓட்டையாகியிருக்கும். வலிக்காது, தெரியாது. 1984 அக்டோபர் மாதிரி ஒருநாள் திடீர்னுதான் தெரியும்.

நீங்க என்ன செய்யலாம்?

கணையக் கொழுப்பை அளக்க ஸ்பெஷல் ஸ்கேன் தேவை. சாதாரணமா யாரும் அதை எடுக்க வேண்டியதில்லை. அதுக்குப் பதிலா வீட்டில் இருக்கும் டெய்லர் டேப் போதும். தொப்புளை ஒட்டி இடுப்பை அளந்து பாருங்க. ஆண்களுக்கு 90 செ.மீ, பெண்களுக்கு 80 செ.மீ. இதைத் தாண்டினா, கண்ணாடியில் எவ்வளவு ஸ்லிம்மா தெரிஞ்சாலும் உள்ளே ஏதோ சேருதுன்னு அர்த்தம். நம்ம ஊர் கணக்கில் பி.எம்.ஐ 23-லேயே எச்சரிக்கை மணி அடிக்குது.

அப்பா அம்மாவுக்கு சுகர் இருந்தா, கர்ப்ப காலத்தில் சுகர் வந்திருந்தா, 30 வயசு வரை காத்திருக்காதீங்க. வெறும் வயிற்று சர்க்கரை 100-ஐத் தாண்டினாலோ, எச்.பி.ஏ1சி 5.7-ஐத் தொட்டாலோ அது சுகருக்கு முந்தைய கட்டம். அதுதான் சுலபமா திரும்பக்கூடிய இடம். ஏற்கெனவே சுகர் இருக்கிறவங்க, சிறுநீரில் அல்புமின் போகுதான்னு வருஷத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் பண்ணுங்க. சுகர் டெஸ்ட்டுக்குப் பெரிய செலவும் இல்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துக்கலாம். மாத்திரை சாப்பிடுறவங்க, டாக்டரைக் கேட்காம 600 கலோரி டயட்டில் குதிச்சுடாதீங்க. சுகர் தடாலடியா இறங்கி ஆபத்தாகிடும்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கு. அதில் ஜிம் பாடிகளும் உண்டு, ஒல்லிக்குச்சிகளும் உண்டு.

ராமாவரம் தோட்டத்தில், எம்.ஜி.ஆர் தன் உயிலில் விரும்பியபடி, காது கேளாத, வாய் பேச இயலாத பிள்ளைகளுக்கான பள்ளி இன்றும் நடக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், கிண்டியில் இருக்கிறது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகம். அவர் மறைந்த மறு வருடம், 1988-ல் இயங்கத் தொடங்கியது. உங்க ஏரியா கிளினிக்கில் சுவரில் மாட்டியிருக்கும் எம்.பி.பி.எஸ் சான்றிதழை அடுத்த தடவை பாருங்க. பெரும்பாலும் அந்தப் பெயர் அதில் இருக்கும். அந்த டாக்டரிடம் உங்க சுகர் ரிப்போர்ட்டை இந்த மாதமே கொண்டுபோய்க் காட்டுங்க. வாத்தியாருக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.